டெஸ்டர் எரிகிறது, மிக்ஸி ஓடவில்லை! ப்ளக் பாயிண்ட் கேள்வி பதில்

வீட்டு மின்சாரம் பற்றி வந்த கேள்விகளில், "ப்ளக் பாயிண்டில் திடீரென்று கரண்ட் வரவில்லை" என்ற ரகத்தை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே புகார் மாதிரி தெரிந்தாலும் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. கேள்வி கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

காலையிலிருந்து சமையலறை போர்டில் மிக்ஸி ஓடவில்லை. அதே போர்டில் லைட் எரிகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறது. என் கணவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், ப்ளக் பாயிண்டின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. கரண்ட் ஜாஸ்தியாக வருகிறதா, இல்லை மிக்ஸி போய்விட்டதா?
(வாசகி, ஈரோடு)

இரண்டும் இல்லை, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) விட்டுப்போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் முதலில் மிக்ஸியை வேறு அறைக்கு எடுத்துப்போய் அங்கே போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு சின்ன சிவப்புப் பொத்தான் இருக்கும். இட்லி மாவையோ தேங்காயையோ அளவுக்கு மீறிப் போட்டு மோட்டார் திணறினால் அது வெளியே தள்ளிக்கொண்டு மிக்ஸியை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் ப்ளக் பாயிண்ட் போய்விட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம்.

மிக்ஸி வேறு இடத்தில் ஓடுகிறது என்றால் கோளாறு போர்டில்தான். மூன்று ஓட்டையில் மேலே இருக்கும் பெரியது எர்த். நாம் போர்டைப் பார்த்து நின்றால் வலது பக்கம் ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), இடது பக்கம் நியூட்ரல். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது வலது ஓட்டையில் மட்டும்தான் டெஸ்டர் எரிய வேண்டும். டெஸ்டரின் உள்ளே இருப்பது ஒரு குட்டி நியான் விளக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டரும். நம் உடம்பு வழியாக மிக மிகக் கொஞ்சமாகக் கரண்ட் போவதால் அது மினுக்குகிறது. ஆகவே அந்த ஒயரில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும், போன கரண்ட் திரும்பி வர வழி இருக்கிறதா என்று சொல்லவே சொல்லாது. மிக்ஸி ஓட அந்த வழியும் வேண்டும், அதுதான் நியூட்ரல்.

அப்படியானால் இடது ஓட்டையில் ஏன் எரிகிறது? அதே லைனில் ஃபிரிட்ஜோ தண்ணீர் ஃபில்டரோ செருகி ஸ்விட்ச் போட்டபடி இருக்கும். போர்டில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலே கூடப் போதும். ஃபேஸ் அதன் வழியாக நுழைந்து நியூட்ரல் ஒயருக்கு வந்து, அங்கிருந்து போக வழி இல்லாமல் அப்படியே நிற்கிறது. அந்த லைனில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் அணைந்து வலது பக்கம் மட்டும் எரிந்தால் நியூட்ரல்தான் அறுந்திருக்கிறது என்பது உறுதி (இண்டிகேட்டர் இருக்கும் போர்டில் லேசாக மினுக்கிக்கொண்டே இருக்கலாம், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்). இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கறுப்பு ஒயர் நியூட்ரல்தானே, ஷாக் அடிக்காது என்று நினைத்துத் தொட்டால், இந்த நிலைமையில் அது ஃபேஸ் மாதிரியே அடிக்கும்.

லைட் மட்டும் எப்படி எரிகிறது என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஃபேஸ்தான் ஸ்விட்ச் போர்டுக்கு இறங்கி மேலே போகும். அவற்றின் நியூட்ரல் பெரும்பாலும் மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராகப் போய்விடும். ப்ளக் பாயிண்டுக்குத்தான் நியூட்ரலைப் போர்டுவரை இறக்க வேண்டும். போர்டில் நியூட்ரல் விட்டால் ப்ளக் பாயிண்ட் மட்டும் செத்துப்போய், மற்றதெல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, எங்கே விட்டிருக்கும்? பெரும்பாலும் ப்ளக் பாயிண்டின் பின்னாலேயே. ஒரே திருகில் இரண்டு மூன்று கறுப்பு ஒயரை முறுக்கிச் செருகியிருப்பார்கள். ஒன்று வந்த ஒயர், மற்றது அடுத்த பாயிண்டுக்குப் போகும் லூப். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி திருகு தளர்ந்துவிடும். திறந்து பார்த்தால் அந்த இடத்தில் பித்தளை கறுத்திருக்கும், ஒயரின் தோல் பழுப்பாகி, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். கம்பியைச் சுண்டினால் கையோடு வந்துவிடும். கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னால் போய்த் தோலுரித்து, புதுப் பாயிண்டில் முறுக்க வேண்டும். கருகின பாயிண்டையே திருகை இறுக்கி மாட்டினால் திரும்பவும் அதே வேலைதான் வரும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி சூட்டில் தன் பிடிப்பை இழந்திருக்கும்.

போர்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த பாயிண்டின் ஸ்விட்சை அணைத்தால் போதாது, ஸ்விட்சுக்கு வரும் ஃபேஸ் ஒயர் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். மெயினையே அணையுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் மெயினை அணைத்ததும் அது பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும், அதையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் நல்ல பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை அணைத்த பிறகு போர்டின் ஒவ்வொரு திருகிலும் வைத்துப் பாருங்கள். இந்தப் போர்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தால், நியூட்ரல் எந்தப் போர்டிலிருந்து இங்கே வருகிறதோ அதைத் திறக்க வேண்டும், அதற்கப்புறம் டி.பி. பாக்ஸில் (கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உள்ள நியூட்ரல் லிங்க், அதாவது நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் கட்டை. அந்த அளவுக்குப் போனால் லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

புது வீடு. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து எல்லா ப்ளக் பாயிண்டும் அடிக்கடி ஒரே நேரத்தில் போய்விடுகிறது, லைட் ஃபேன் மட்டும் இருக்கிறது. டி.பி.யில் பட்டன் வைத்த பெரிய ஸ்விட்ச் கீழே விழுந்திருக்கும். தூக்கிவிட்டால் சில சமயம் நிற்கும், சில சமயம் நிற்காது. எலக்ட்ரீஷியன் தம்பி அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார்.
(வாசகர், கடலூர்)

தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது ஆர்.சி.சி.பி., பலர் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். பக்கத்தில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். இது பார்ப்பது வேறு: ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வீட்டுக்குப் போடும் வகையில் 30 மில்லி ஆம்பியர் வழி தவறிப் போனாலே விழுந்துவிடும். அந்தக் கரண்ட் தவறிப் போகும் வழி ஈரச் சுவராகவும் இருக்கலாம், வாஷிங் மெஷினைத் தொட்டுக்கொண்டு நிற்கும் குழந்தையாகவும் இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் கசிவு நிற்காது, கசிவை நமக்குக் காட்டும் ஒரே கருவிதான் போகும்.

கண்டுபிடிக்கும் வழி கடினமில்லை. வீட்டில் செருகியிருக்கும் அத்தனையையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், கருவிக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ட்ரிப் ஆகும். இதைக் கவனிக்காமல் சுவரைக் கொத்தின வீடுகள் உண்டு. எல்லாவற்றையும் பிடுங்கிய பின் லீவரை முழுக்கக் கீழே தள்ளிவிட்டு மேலே தூக்குங்கள். நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு கருவி. ஒவ்வொன்றாகச் செருகி ஓடவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்கள். ஹீட்டர் காயில் உள்ளவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்: கீசர், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின். பழைய கீசர் காயில் தண்ணீர் நன்றாகச் சூடான பிறகுதான் கசிய ஆரம்பிக்கும், அதனால்தான் சில சமயம் நிற்கிறது, சில சமயம் நிற்பதில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் ஒயரிங்கில்தான். எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள், அப்புறம் எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன். மழைக்காலத்தில் ஆரம்பித்தது என்று நீங்களே சொல்வதால் மொட்டை மாடி பாயிண்ட், மோட்டார் பாயிண்ட், வெளிச்சுவரில் உள்ள போர்டு இவற்றை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிப் போர்டுப் பெட்டிக்குள் தேங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் நிற்கவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்.சி.சி.பி.யே கெட்டிருக்கிறது. மெக்கர் (ஒயரின் தோல் வழியாகக் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் அந்தப் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அழுத்தினவுடன் லீவர் விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு பத்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. அடுப்பு சர்வீஸ் சென்டரில் அடுப்பு நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய பின் சின்ன பாயிண்டில் நுழையாததால் கன்வெர்ட்டர் போட்டுச் செருகியிருக்கிறோம்.
(வாசகி, கோவை)

கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர், 230 வோல்டில் கணக்குப் போட்டால் 1380 வாட்தான் தாங்கும். உங்கள் அடுப்பு 2000 வாட் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். உள்ளே இருக்கும் கவ்வி சூடாகி விரிகிறது, பிடி தளர்கிறது, தளர்ந்த இடத்தில் இன்னும் சூடாகிறது, ஒரு கட்டத்தில் தொடர்பு விட்டுப்போகிறது. ஆறினதும் சுருங்கி மறுபடி தொடுகிறது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று நிறையப் பேர் கேட்பார்கள். ப்ளக் லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் 8.7 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லூஸ் கான்டாக்டின் சூடு அதற்குத் தெரியாது. பாயிண்ட் உருகிப் புகை வரும்வரை கூட அது அமைதியாக நிற்கும். அதனால் நம் மூக்கும் கையும்தான் எச்சரிக்கை. அடுப்பை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கின உடனே அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடா? மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருகிறதா? அது பிளாஸ்டிக்கோ பேக்லைட்டோ சூடேறும் நாற்றம். வந்தால் அன்றைக்கே அந்த பாயிண்டை நிறுத்திவிடுங்கள்.

பாயிண்டை மட்டும் 16 ஆம்பியராக மாற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் பின்னால் என்ன ஒயர் இருக்கிறது என்று கேளுங்கள். லைட்டுக்குப் போடும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரிலிருந்து அது லூப் எடுக்கப்பட்டிருந்தால் சூடு பாயிண்டிலிருந்து சுவருக்குள் இடம் மாறும், அவ்வளவுதான். டி.பி.யிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், கூடுமானால் 4, தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் ஸ்விட்ச், எர்த். இதுதான் சரியான வழி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இந்த அடுப்பைப் போடவே வேண்டாம்.

வாடகை ஃபிளாட். ராத்திரியிலிருந்து ஹாலிலும் ஒரு பெட்ரூமிலும் மட்டும் எதுவுமே வேலை செய்யவில்லை. மற்ற அறைகள் சரியாக இருக்கின்றன. எம்.சி.பி. எதுவும் விழவில்லை.
(வாசகர், சென்னை)

த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷனா என்று பாருங்கள். அப்படியென்றால் மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை, அந்த ஃபேஸில் இருக்கும் அறைகள்தான் போயிருக்கின்றன. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கதை என்றால் கோளாறு வெளியில், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஃபியூஸ் அல்லது மெயின் ஸ்விட்ச். சீல் வைத்த மீட்டர் பெட்டியை நீங்களும் தொடாதீர்கள், வீட்டு ஓனரையும் தொட விடாதீர்கள். ஃபேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் இருக்கும் ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏ.சி.யையும் கீசரையும் சேர்த்து ஒரே ஃபேஸில் ஏற்றாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. ஒரு அறையில் பல்பு மங்கி, இன்னொரு அறையில் பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தால், ஃபேன் வழக்கத்தை விட வேகமாகச் சுற்றினால், வீட்டுக்கு வரும் நியூட்ரலே விட்டுப்போயிருக்கிறது. அப்போது சில பாயிண்டுகளில் 230-க்குப் பதில் 300 வோல்டுக்கு மேல் வரலாம். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே ராத்திரியில் போவது இப்படித்தான். சரிசெய்து முடிக்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பது பரவாயில்லை.

சார்ஜரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் போன் சார்ஜ் ஏறுகிறது. போர்டு புதிது, மாடுலர் டைப். டெஸ்டர் வைத்தால் எரியவே மாட்டேன் என்கிறது.
(மாணவர், திருநெல்வேலி)

போன் சார்ஜர்களில் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் பின், நம் ஊர் 6 ஆம்பியர் ப்ளக்கின் பின் 5 மில்லிமீட்டர் தடிமன். தடித்த பின் செருகிச் செருகி விரிந்த கவ்வியில் மெல்லிய பின் ஆடும். சாய்த்துப் பிடித்தபடி விட்டால் உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும், அது சார்ஜருக்கும் நல்லதில்லை, பாயிண்டுக்கும் நல்லதில்லை. பாயிண்டை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

டெஸ்டர் எரியாததற்குக் காரணம் வேறு. மாடுலர் பாயிண்டில் குழந்தைகள் கம்பியை நுழைக்காமல் இருக்க ஓட்டைகளுக்கு உள்ளே மூடி இருக்கும், பின்கள் ஒரே நேரத்தில் அழுத்தினாலோ எர்த் பின் நுழைந்தாலோதான் திறக்கும். டெஸ்டர் முனை அந்த மூடியில் முட்டி நிற்கிறது. அதைக் குத்தித் திறக்காதீர்கள், சரியாக எரிகிற ஒரு நைட் லேம்ப்பைச் செருகிப் பாருங்கள், அதுவே நல்ல சோதனை.

அலமாரி மாட்ட ட்ரில் போட்டோம். அப்போதிலிருந்து கீழே இருக்கும் ப்ளக் பாயிண்டில் கரண்ட் இல்லை. சுவரில் ஸ்க்ரூ இன்னும் இருக்கிறது.
(வாசகர், நாகர்கோவில்)

ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அலமாரி இரும்பு என்றால் அதையும் தொடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் போகும் ஒயர்க் குழாய் பெரும்பாலும் போர்டுக்கு நேர் மேலே செங்குத்தாகத்தான் இருக்கும், அந்தக் கோட்டில் ஆணியோ ட்ரில்லோ போடவே கூடாது. துண்டான ஒயரைச் சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றிப் பூசிவிடுகிறேன் என்று சொல்வார்கள், வேண்டாம். ஜங்ஷனிலிருந்து போர்டுவரை புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்து வீடு, மரப் போர்டு, பீங்கான் கட்டை ஃபியூஸ். வாரம் ஒரு தடவை கூடத்து ப்ளக் பாயிண்டுக்கு ஃபியூஸ் போகிறது. கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டுவிடலாமா?
(வாசகி, கும்பகோணம்)

கூடாது. அந்த வீட்டில் அலுமினிய ஒயராக இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்புகளில் அலுமினியம் சீக்கிரம் தளர்ந்து துருவேறி சூடாகும். மெல்லிய கம்பி உருகி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, தடித்த கம்பி போட்டால் அதற்குப் பதில் சுவருக்குள்ளும் மரப் போர்டுக்குள்ளும் இருக்கும் ஒயர் உருகும். இஸ்திரிப் பெட்டி போடும்போது போகிறதா, எதுவுமே போடாமல் போகிறதா என்று கவனித்துக் குறித்து வையுங்கள், வருகிற எலக்ட்ரீஷியனுக்கு அது பாதி வேலை. அதுவரை கடையில் "5 ஆம்பியர் ஃபியூஸ் வயர்" என்று கேட்டு வாங்கி, மெயினை அணைத்துவிட்டு ஒரே ஒரு இழை மட்டும் போடுங்கள். அந்தப் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் இப்போதைக்கு வேண்டாம்.